மதினி பாசிக்குப் போகாத நாலு வருஷம்

"அப்போ கடலால வந்தது இல்லையா?"

மதினியின் பிள்ளைக்குப் பிறவியிலேயே இருந்த குறையைப் பற்றி அம்மா இதைக் கேட்டபோது நான் மதுரையில், நான் வேலை பார்க்கும் குரோமோசோம் ஆய்வகத்துக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். போனில் பின்னால் காற்றுச் சத்தம். ஆடி மாதம் பாம்பனில் கச்சான் அடிக்கும்போது வீட்டுக்குள் நின்று பேசினாலும் அப்படித்தான் கேட்கும். நான் "இல்லம்மா" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, அடுப்புல உலை கெடக்கு" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒற்றைச் சொல் சரிதானா என்று ஒரு வருடமாக மனசுக்குள் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். அம்மா எதைக் கேட்டாரோ அதற்கு அது சரியான பதில்தான். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. அதற்கு அந்தப் பதில் போதாது.

மதினி என் தாய்மாமன் மகள். என்னைவிட மூன்று வயது சின்னவள், என்றாலும் அண்ணனைக் கட்டியதால் மதினி. பாசி எடுக்கிறவள். விடியும் முன்னே வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குவாள். மரிக்கொழுந்துப் பாசி பாறையை ஒட்டி வளர்வது; விரலில் துணி இல்லாமல் பிய்த்தால் நகக்கண் எல்லாம் கிழிந்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலை இது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் விடவில்லை. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது நாலாம் மாதம் வரைக்கும் போனாள். பிள்ளை பிறந்தது. மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண்கள், உள்ளங்கையில் குறுக்கே ஒற்றை ரேகை, துவண்டுபோன கழுத்து. ஆய்வகத்தில் அப்போது எனக்கு ஆறு வருட அனுபவம். தொட்டிலில் எட்டிப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோம். உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்தான் குரோமோசோம்கள்; அவற்றில் 21ஆவது இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

பிரசவம் பார்த்த இடத்தில் ஒரு டாக்டர், "சொந்தத்துல கட்டுனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அம்மா உடனே அதைத் தள்ளிவிட்டார். தம்பி மகளைத்தான் மருமகளாக்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தானே. சொந்தம்தான் காரணம் என்றால் அந்தப் பாரம் அவர் தலையில் விழும். அதனால் வேறு காரணம் வேண்டியிருந்தது. கடல் கிடைத்தது. "மாசமா இருக்கும்போது முங்காதேன்னு சொன்னேன், கேட்டாளா? மூச்சடக்கி மூச்சடக்கி உள்ள இருக்குற பிள்ளைக்குக் காத்து போகல." இது ஒரு மாதத்தில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு மதினி பாசிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. தன்னால்தான் என்று அவளே நம்பிவிட்டாள்.

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு இதில் வெட்கம் உண்டு. ஒரு குழந்தைக்கு எத்தனை குரோமோசோம் என்பது, கரு உருவாகிற அன்றைக்கே அனேகமாக முடிந்துபோன கணக்கு. முட்டையிலோ விந்திலோ பிரிவு பிசகியிருக்கும், அரிதாகக் கரு உண்டான முதல் சில நாட்களில் பிசகியிருக்கும். மாதவிலக்கு தள்ளிப்போவதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். மூன்றாம் மாதம் முங்கினாலும் முங்காவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. இதை ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. கடல்தான் காரணம் என்பதில் எனக்குமே ஒரு நிம்மதி இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. கடல் வெளியே இருப்பது. எங்கள் யார் உடம்புக்குள்ளும் அது இல்லை.

இன்னொன்றும் செய்யாமல் விட்டேன். பிள்ளையின் ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிகிறது, பிறகு எதற்கு ஊசி என்று நினைத்தேன். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளில் 100க்கு 95 பேருக்கு 21 தனியாக மூன்றாக இருக்கும். அது பெரும்பாலும் மறுபடி வராது. ஆனால் மூன்று நான்கு பேருக்கு அந்தக் கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஒட்டியிருந்தால் தாய் தகப்பனில் ஒருவர் அதைச் சுமந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்லும் இடத்தில்தான் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் அத்தை என்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மதினிக்கு அடுத்து இரண்டு கரு மூன்று மாதத்துக்குள் கலைந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது.

குவியலைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

நம்முடைய 46 குரோமோசோம்களில் 10 மட்டும் ஒரு மாதிரியானவை. 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து ஜோடிகள். இவற்றுக்கு ஒரு கை நீளம், மறு கை இல்லாதது போலக் குட்டையாக இருக்கும். அந்தக் குட்டைக் கையின் நுனியில் மெல்லிய காம்பு, காம்பின் மேல் ஒரு குமிழ். அந்தக் காம்பில்தான் ரைபோசோம், அதாவது உயிரணுவுக்குள் புரதம் செய்யும் பட்டறை, செய்வதற்கான மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. உயிரணு தன் வேலையில் இருக்கும்போது இந்தப் பத்தில் பலவும் காம்பை ஒரே இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். நீட்டிய இடத்தில் நியூக்ளியோலஸ் என்ற உருண்டை உருவாகும், ரைபோசோம் தயாராவது அங்கேதான். ஊரில் பாசி வள்ளம் கரைக்கு வந்ததும் மணலில் குவியலைக் கொட்டி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து கல்லும் சிப்பியும் பொறுக்குவார்கள் இல்லையா, அதைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றும். யார் யார் வீட்டுப் பெண்ணோ, கை மட்டும் ஒரே குவியலுக்குள்.

உயிரணு இரண்டாகப் பிரியும் நேரம் வந்தால் குவியல் கலைந்துவிடும். எல்லாம் தனித்தனியாக நிற்க வேண்டும். ஆனால் ஒரே குவியலில் இருந்தவை சட்டென்று விலகுவதில்லை. ஸ்லைடில் பார்த்தால் ஒரு 14உம் ஒரு 21உம் குமிழோடு குமிழ் உரசியபடி, தலையைத் தலைக்கு நேராக வைத்துக் கிடக்கும். சில சமயம் மூன்று, நான்கு சேர்ந்து, நடுவில் ஒரு வெற்றிடத்தை விட்டு வட்டமாக நிற்கும். இதற்கு சாட்டிலைட் அசோசியேஷன், அதாவது குமிழ்களின் உறவாடல் என்று பெயர். 1961இல் ஃபெர்குசன்-ஸ்மித்தும் ஹேண்ட்மேக்கரும் இதை முதலில் எழுதினார்கள். மனிதனுக்கு 46 குரோமோசோம்தான் என்று தெரிந்து அப்போது ஐந்து வருடம், டவுன் சிண்ட்ரோமில் 47 என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடனே எல்லாருக்கும் ஒரு சந்தேகம்: இப்படி ஒட்டி நிற்பதால்தான் பிரியும்போது பிசகுகிறதோ? டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இந்த உறவாடல் அதிகமோ? இருபது வருடம் உலகம் முழுக்க எண்ணினார்கள். சிலர் அதிகம் என்றார்கள், சிலர் வித்தியாசமே இல்லை என்றார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அக்கா அந்தக் காலத்தில் எண்ணியவர். முதல் வாரமே என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து என்னிடம் கொடுத்தார். "உன்னையே எண்ணிப் பழகு" என்றார். வெள்ளி நைட்ரேட் சாயம் ஏற்றினால் முந்தின சுற்றில் வேலை செய்த காம்புகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். பத்தில் எது கறுக்கும், எது கறுக்காது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் ஒரே ஆளிடம் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர்களிடம் அசல் போல ஒத்துப்போகும். எந்தக் காம்பு உழைக்கிறதோ அதுதான் அடுத்ததோடு போய்ச் சேரும். ஆக யாருக்கு எது எதோடு அதிகம் சேர்கிறது என்பதில் ரத்தத்தின் பங்கு தெளிவாகவே உண்டு.

அப்புறம் அதே அக்கா அடுத்த பாடத்தையும் சொல்லிக்கொடுத்தார். ஒரே குழாய் ரத்தத்தை இரண்டாகப் பிரித்து, வேறு வேறு சீரம் ஊற்றி வளர்த்து எண்ணச் சொன்னார். எண்ணிக்கை வேறாக வந்தது. உயிரணுப் பிரிவை நடுவில் நிறுத்தும் கொல்சிசின் மருந்தை அதிக நேரம் விட்டால் வேறு. ஐப்பசி அடைமழையில் தட்டிய ஸ்லைடுக்கும் சித்திரை வெயிலில் தட்டியதற்கும் வேறு, காற்றில் ஈரம் கூடினால் குரோமோசோம்கள் விரிகிற விதமே மாறிவிடும். தைராய்டு ஹார்மோனுக்கும் இதில் பங்கு உண்டு என்று 1970களில் ஆய்வுகள் வந்தன. வயதானால் வேலை செய்யும் காம்புகள் குறைகின்றன. இத்தனையையும் கழித்த பிறகுதான் பிறவியில் வந்தது எவ்வளவு என்று பேசவே முடியும். பல பேர் எண்ணியும் முடிவுகள் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது அக்காவின் கருத்து. என் கருத்தும் அதுதான். உடம்புக்குள் இருக்கும் சூழலை அளக்கிறோம் என்று நினைத்து மேசை மேல் இருக்கும் சூழலை அளந்துகொண்டிருந்தார்கள்.

45

பிள்ளையின் ரத்தம் முதலில் போனது. 46 எண்ணிக்கை இருந்தது, ஆனால் ஒரு 14இன் தலையில் ஒரு 21 ஒட்டியிருந்தது. அதற்கு மேல் தனியாக இரண்டு 21. அடுத்து அண்ணன். அண்ணனுக்கு எல்லாம் சரியாக 46. அடுத்து மதினி. அவளுக்கு 45. ஒரு 14உம் ஒரு 21உம் குட்டைக் கைகளை இழந்து ஒன்றாக ஒட்டி ஒரே குரோமோசோமாக நின்றன. ராபர்ட்சோனியன் இணைப்பு என்பார்கள். வெட்டுக்கிளியில் இதை 1916இல் விவரித்தவரின் பெயர். இழந்த குட்டைக் கைகளில் இருந்த ரைபோசோம் மரபணுக்கள் மற்ற எட்டிலும் இருப்பதால் சுமப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர் ஏதோ ஒரு வகை ராபர்ட்சோனியன் இணைப்பைச் சுமந்துகொண்டு சாதாரணமாக வாழ்கிறார், பலருக்குச் சாகும்வரை தெரியாது. முட்டை உண்டாகும்போதுதான் சிக்கல். ஒட்டியது ஒன்று, தனி 14 ஒன்று, தனி 21 ஒன்று. இந்த மூன்றையும் இரண்டு பக்கமாகப் பங்கு போட வேண்டும். ஆறு விதமாகப் பங்கு விழலாம். ஒன்றில் எல்லாம் சரியான பிள்ளை, ஒன்றில் தாயைப் போலவே 45, ஒன்றில் டவுன் சிண்ட்ரோம், மற்ற மூன்றும் கருவாகவே கலைந்துபோகும். மதினிக்குக் கலைந்த இரண்டும் எப்படி என்று அப்போது புரிந்தது.

அந்த அறிக்கை வந்த அன்றைக்குத்தான் அம்மாவுக்குப் போன் போட்டேன், அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஆவணியில் மாமா வந்து ரத்தம் கொடுத்தார். மாமாவுக்கும் 45. மதினியின் அம்மா பக்கம் சுத்தம். ஆக இது மாமா வழி. மாமா வழி என்றால் அம்மாவின் பிறந்த வீட்டு வழி. மருத்துவக் கணக்குப்படி அதற்கு மேல் தோண்டத் தேவையில்லை. அண்ணனுக்கும் எனக்கும் 46 என்று தெரியும், வேறு பிள்ளைகள் அம்மாவுக்கு இல்லை. ஆனால் மார்கழியில் ஒருநாள் காலை அம்மா பஸ் ஏறி மதுரைக்கே வந்துவிட்டார். கூடையில் கருவாடும் பனங்கிழங்கும். "என் ரத்தத்தையும் பாரு" என்றார். எதுக்கும்மா என்றேன். "பாருன்னா பாரேன்."

வீட்டு ஆட்களின் ஸ்லைடை நாங்களே தனியாகப் படிப்பதில்லை, இன்னொருவரும் எண்ணி ஒப்பிட வேண்டும். கூட வேலை செய்யும் பெண் முதலில் எண்ணினாள். எண்ணிவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அந்த அமைதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 72 மணி நேரம் வளர்த்து, கோடுகள் தெரிவதற்காக ட்ரிப்சின் காட்டி, ஜீம்சா சாயம் ஏற்றிய ஸ்லைடு. எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸை இறக்கினேன். ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறேன். ஒருவரின் குரோமோசோமைப் பார்த்தால் அவர் யார் என்று தெரியாது. கண், மூக்கு, குரல் எதுவும் அதில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வயலட் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. 45. நீளமான கையாக 14, அதன் மறுபுறம் சின்னக் கையாக 21, இரண்டும் நடுவில் இறுகப் பிணைந்து. இருபது உயிரணு எண்ணினேன், இருபதிலும் அதுவே.

பதினோராவது உயிரணுவில் கொஞ்சம் நின்றுவிட்டேன். அதில் மிச்சமிருந்த எட்டில் ஐந்து, ஒரு சின்ன வெற்றிடத்தைச் சுற்றி வட்டமாகத் தலை நீட்டிக் கிடந்தன. தனித்து நின்ற 14 அதில் இருந்தது. தனித்து நின்ற 21ம் இருந்தது. ஒட்டிப்போன ஜோடி மட்டும் தள்ளிக் கிடந்தது. அதற்கு நீட்டுவதற்குக் காம்பு இல்லை. பத்து வருடமாக நான் எண்ணிய உறவாடல்களும், எங்கள் வீட்டில் நடந்ததும் ஒரே கண்ணாடிக்குள் அருகருகே கிடந்தன. அதுவரை இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. 14உம் 21உம் ஒரே குவியலில் கைவிட்டு நிற்பது எனக்கும் உண்டு, அண்ணனுக்கும் உண்டு, அந்த டாக்டருக்கும் உண்டு, ஊரில் பேசிய எல்லாருக்கும் உண்டு. அந்த நெருக்கம் எல்லா மனிதனுக்கும் பொது. அது இல்லாவிட்டால் ரைபோசோம் இல்லை, உயிர் இல்லை. எங்கோ ஒரு முன்னோரின் உடம்பில், ஒரே ஒரு உயிரணுவில், அந்த நெருக்கம் ஒரு தடவை பிணைப்பாக மாறியிருக்கிறது.

எப்படி மாறும் என்பதும் இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறது. இந்தக் குட்டைக் கைகளின் வரிசையை 2022 வரை யாராலும் முழுதாகப் படிக்க முடிந்ததில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிற பக்கங்கள் அவை. படித்த பிறகு, 2023இல், இந்தக் குட்டைக் கைகள் ஜோடி மாறியும் தங்களுக்குள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று வந்தது. 13, 14, 21 மூன்றிலும் ஒரே மாதிரியான ஒரு பகுதி இருக்கிறது. 14இல் மட்டும் அது தலைகீழாகத் திரும்பி இருக்கிறது. நேராக நிற்கும் இரண்டு பரிமாறிக்கொண்டால் நுனிகள்தான் மாறும். தலைகீழாக நிற்பதோடு பரிமாறினால் நீளக் கைகள் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். இந்த இணைப்புகளில் 13உம் 14உம் சேர்வதும், 14உம் 21உம் சேர்வதுமே அதிகம் என்று பல வருடமாகத் தெரியும், காரணம்தான் தெரியாமல் இருந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மாவுக்கு யார் சொன்ன கடல்

அம்மாவிடம் அன்றைக்குச் சாயங்காலமே சொன்னேன். என் அறையில் பாயில் உட்கார்ந்து பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தார். "மாமாவுக்கு இருக்குறது உங்களுக்கும் இருக்கும்மா." கை நிற்கவில்லை. உரித்துக்கொண்டே, "உங்க அண்ணனுக்கு முந்தி ரெண்டு நிக்கல" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் அவர் மகளாக இருக்கிறேன், இதை முதல் தடவையாகக் கேட்கிறேன். முதலாவது இரண்டு மாதத்தில். இரண்டாவது மூன்று முடிந்து. அப்பத்தா அப்போது சொன்னாராம்: "உச்சிவேளையில கடக்கரைப் பக்கம் திரியாதேன்னேன், காத்து அடிச்சிருச்சு." அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனதற்குக் கிடைத்த பெயர் அது. மூன்றாவது தடவை அண்ணன் தங்கியபோது பத்து மாதமும் வீட்டு வாசலைத் தாண்டவில்லையாம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதோடு கடல்தான் காரணம் என்பது அவர் மனதில் நிரூபணமே ஆகிவிட்டது. தனக்கு அப்பத்தா கொடுத்ததைத்தான் மதினிக்கு அவர் கொடுத்திருக்கிறார். கெட்ட மனசில் கொடுக்கவில்லை, காப்பாற்றும் என்று நம்பித்தான் கொடுத்தார்.

"எங்க ஆத்தாவுக்கும் இருந்துருக்குமோ?" என்று கேட்டார். அம்மாச்சி இறந்து பதினெட்டு வருடம். அம்மாச்சியாகவும் இருக்கலாம், தாத்தாவாகவும் இருக்கலாம் என்றேன். மாமாவுக்கும் அம்மாவுக்கும் இருப்பதால் அவர்களில் ஒருவர் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சுமந்திருப்பார். அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை என்பதற்கு ரத்தம் இல்லை. புதிதாக உண்டாகும் இந்த வகை இணைப்புகளில் பெரும்பாலானவை பெண்ணின் முட்டை உருவாகும் கட்டத்தில் நிகழ்பவை. அந்தப் பிரிவு தொடங்குவது, அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் சிசுவாகக் கிடக்கும்போதே. அப்படியானால் இந்த முடிச்சு விழுந்தபோது அந்த முன்னோர் பிறந்திருக்கவே இல்லை. இதைச் சொன்னதும் அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பொறக்கவே இல்லையா? அப்ப அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பிறகு அழுதார். யாருக்காக அழுதார் என்று நான் கேட்கவில்லை.

கொஞ்சம் தேறிய பிறகு மறுபடி அதே கேள்வி. "அப்ப கடலுக்கு ஒண்ணுமே இல்லையா?" இந்தத் தடவை குற்றம் தேடும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசை. அதனால் போனில் சொன்னது போல ஒற்றைச் சொல்லில் முடிக்காமல் தெரிந்ததைச் சொன்னேன். கேரளத்தில் கொல்லம் பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். அங்கே டவுன் சிண்ட்ரோம் அதிகமாக இருக்கிறது என்று 1976இல் ஒரு கட்டுரை வந்து பெரிய பயம் கிளம்பியது. பிறகு பல்லாயிரம் பச்சைப் பிள்ளைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக் குரோமோசோம் பார்த்தார்கள். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைகளுக்கும் மற்ற இடத்துப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. எங்கள் கரையில் அந்த மணலும் இல்லை. ஒட்டாத, தனியாக 21 மூன்றாகிற வகையில் தாயின் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. இருபது வயதில் ஏறத்தாழ 1,500 பிரசவத்தில் ஒன்று, நாற்பதில் நூறில் ஒன்று. வயது என்பதும் உடம்பின் சூழல்தான். ஆனால் மதினிக்கு நடந்தது அந்த வகை இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடும், அதை மறைக்க நான் விரும்பவில்லை. தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேர் சொந்தத்துக்குள்தான் கட்டுகிறார்கள், அதைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இங்கே அண்ணனுக்கு 46. மதினி ஏழு கடல் தாண்டி யாரைக் கட்டியிருந்தாலும் இதே பங்குதான் விழுந்திருக்கும்.

அவருக்குப் புரிகிற மாதிரி இன்னொன்றும் சொன்னேன். எங்கள் ஊரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வடகடல், இந்தப் பக்கம் தென்கடல். வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடல் குளம் மாதிரி கிடக்கும், கச்சானில் அப்படியே மாறும். பாலத்துக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் மொண்டால் அது எந்தக் கடல் என்று யாரும் சொல்ல முடியாது. ரத்தமும் சூழலும் அப்படித்தான் கலந்து கிடக்கின்றன. அந்தக் காம்புகள் எத்தனை வேலை செய்யும் என்பது ரத்தம். எப்போது எவ்வளவு நெருங்கும் என்பதில் ஹார்மோன், வயது, உயிரணு எந்த வேகத்தில் வேலை செய்கிறது என்பதெல்லாம் சேரும். நெருங்கியதில் எது பிணையும் என்பது அந்தக் கணத்தின் தற்செயல். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாலத்துக்கடியில நீவாடு எப்பவும் ஏதாச்சும் ஒரு பக்கமாத்தானே இழுக்கும், அத வச்சுச் சொல்லிரலாம்" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். நான் படித்ததை விட அவர் கடலைப் பார்த்தது அதிகம். என் உவமை அவரிடம் நிற்கவில்லை, ஆனால் நான் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்திருந்தது.

மதினி இப்போது ஐந்து மாதம். தாய் 14-21 சுமப்பவராக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 100க்கு 10 முதல் 15 வரை. மரபியல் ஆலோசகர் எல்லாவற்றையும் உட்கார்த்திவைத்துச் சொன்னார். பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை அண்ணனும் அவளும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள். அந்த முடிவு என்ன என்பது அவர்களுடையது, இங்கே எழுத மாட்டேன். மருமகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இதயத்தில் இருந்த ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. கரையில் நண்டு துரத்துவதில் அவனுக்கு அலுப்பே கிடையாது. என்னைப் பார்த்தால் "அத்த" என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் கைவிடுவான், உள்ளே மிட்டாய் இருக்க வேண்டும்.

வயிற்றில் பிள்ளை வருவதற்கு முன்பு, தை மாதம், அம்மா போன் போட்டார். மதினி மறுபடி பாசிக்குப் போகட்டுமா என்று கேட்டாளாம். நாலு வருஷமாக அவள் கண்ணாடி பரணில் கிடந்தது. ரப்பர் இற்றுப்போய்விட்டது, அண்ணன் புதிதாக வாங்கிவந்தான். "நீங்க என்னம்மா சொன்னீங்க?" என்றேன். போகச் சொல்லிவிட்டாராம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, தன் பழைய நூல் சேலை ஒன்றைக் கிழித்து, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, அவள் பத்து விரலுக்கும் தானே துணி சுற்றிக்கொடுத்தாராம்.